இரும்புக்குள் தெரியாது
பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். இரும்புக்குள் இருப்பது மட்டும்தான் அதில் தெரியாது. அதனால், புருஷனை விட்டு வந்துவிட்ட தமயந்தியை அப்பா பீரோவுக்குள் உட்காரவைத்துப் பூட்டியிருந்தார்.

இரண்டு தங்கைகளில் பெரியவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் பேசுவது அவளுக்குக் கேட்டது.

"உள்ள யாருமில்ல, ஒரு பீரோதான் நிக்குது. நல்ல கெட்டியானதாத் தெரியுது. அதையும் பொண்ணோட அனுப்பி வச்சிருங்கண்ணே."

"அதுக்கென்ன, தாராளமா," என்றார் அப்பா.

அவர்கள் போன பிறகு அப்பா பீரோவைத் திறந்தார். வியர்வையில் நனைந்திருந்த மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"கடைசித் தங்கச்சிக்குப் பாக்குறப்ப வேற ஒண்ணு வாங்கிடலாம்மா. கொஞ்சம் பெருசா."