தொடாதீங்க

சைக்கிள் பந்தயத்தில் அன்று ஒவ்வொருவரும் தனித்தனியாக மலையேற வேண்டும். பாதி மலையில் நேரக் கணக்கில் பூவரசன் சில விநாடிகள் முன்னிலையில் இருந்தான். கொண்டை ஊசி வளைவில் ஒருவர் கூடவே ஓடிவந்து, அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

"தொடாதீங்கண்ணே."

"சும்மா மிதி தம்பி. நம்ம ஊர்க்காரன நாம தள்ளாம வேற யாரு தள்ளுவா?"

பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் விசிலடித்தார். "பத்து விநாடி அபராதம்."

"நானா சார் தள்ளச் சொன்னேன்?" மூச்சிரைப்புக்கு நடுவே கத்தினான் பூவரசன்.

"யார் சொன்னா என்ன? தள்ளினது தள்ளினதுதான். ஒவ்வொரு தடவைக்கும் பத்து."

தள்ளியவர் நடுவரைத் திட்டிவிட்டு, வாயருகே கைகுவித்து மேலே கூவினார்: "டேய், நம்ம பையனுக்கு அநியாயம் பண்றாங்க. விட்டுராதீங்கடா, நல்லாத் தள்ளுங்க."

அடுத்த வளைவில் நின்றிருந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.