ஹாலைப் பார்த்த அடுப்பு

"நடுச்சுவரை முழுசா எடுத்துடு. அடுப்பு ஹாலைப் பார்த்து இருக்கணும். நான் சோபாவில உட்கார்ந்தா, சமைக்கிறவ முகம் எனக்குத் தெரியணும்."

அந்த வீட்டு மாமியார் சொன்னதைக் கேட்டு டிசைனர் பென்சிலை நிறுத்தினாள். பன்னிரண்டு வருஷமாகப் பழைய ஃப்ளாட்டுகளின் சமையலறையைப் புதுசாக்கித் தருவதுதான் அவள் தொழில். கைப்பிடி இல்லாத அலமாரி, கண்ணாடி மாதிரி மின்னும் கதவு, மர நிறம், முழு வெள்ளை என்று ஒரு ஆல்பமே கொண்டுவந்திருந்தாள். அந்தம்மா அதைப் புரட்டக்கூட இல்லை.

"இது சின்ன ஃப்ளாட்டும்மா. அடுப்பு சுவரோரமா இருந்தாத்தான் வசதி" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"முகத்தைப் பார்த்துப் பேசும்மா."

டிசைனருக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து, அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

"வசதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

"சரி, சுவருக்குப் பதிலா பனி படிஞ்ச மாதிரி ஒரு கண்ணாடி வருது, அதைப் போடலாமா? இப்போ எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. புகை ஹாலுக்கு வராது, பார்க்கவும் அழகா இருக்கும்."

"மசமசன்னு தெரியறது எனக்கு எதுக்கு? மறைப்பே கூடாது. சிம்னியும் தலையை மறைக்கக் கூடாது. அடுப்புக்கு எதிர்ல ஒரு விளக்கு போடு. வெளிச்சம் அவ முகத்துல விழணும்."

கைதியை நிற்கவைத்து விசாரிக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது! டிசைனர், ஓரமாக நின்றிருந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம். கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான்.

லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தவளிடம் டிசைனர் கேட்டாள்.

"சமைக்கப் போறது நீ. உனக்கு எப்படிம்மா வேணும்?"

"மூடின சமையலறைதான்க்கா எனக்குப் பிடிக்கும்." மருமகள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "வந்த புதுசுல உள்ளே வேலை செஞ்சுகிட்டே அவங்ககிட்ட ஏதாவது பேசிட்டிருப்பேன். பதிலே வராது. எதிர்ல போய் நின்னா நல்லாத்தான் பேசறாங்க. சமையலறைக்குள்ளே போயிட்டா மட்டும் வேலைக்காரி ஆயிடறேன் போல. இப்போ பேசறதையே விட்டுட்டேன்."

டிசைனருக்கு அடுத்த இரண்டு நாளும் அதே நினைப்பு. சுவரை இடிக்க ஆட்கள் வர வேண்டிய அன்று, வர வேண்டாம் என்று அவர்களுக்கு போன் பண்ணிவிட்டு, அவள் மட்டும் வந்தாள்.

மருமகள் கையில் பையோடு கதவைத் திறந்தாள். "கடைக்குக் கிளம்பிட்டேன்க்கா, இதோ வந்துடறேன். அத்தை உள்ளேதான் இருக்காங்க."

மாமியார் பால்கனியைப் பார்த்தபடி உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டிசைனர் பின்னாலேயே நின்றுகொண்டாள். முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

"அம்மா, இந்த வேலையை நான் எடுத்துக்கறதா இல்லை."

பதில் இல்லை.

"நீங்க கேக்கறது சமையலறையே இல்லை, காவல் கூண்டு. நாள் முழுக்க அந்தப் பொண்ணு உங்க கண்ணு முன்னாடி நிக்கணுமா? நீங்க பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

மாமியார் ஒரு துண்டை உதறி, நிதானமாக நான்காக மடித்தாள்.

இவ்வளவு சொல்லியும் திரும்பக்கூட மாட்டேன் என்கிறாளே! டிசைனருக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. விறுவிறுவென்று முன்னால் போய் நின்றாள்.

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் இருந்த துணியெல்லாம் தரையில் சரிந்தது.

"ஐயோ, நீ எப்பம்மா வந்தே?"

டிசைனர் அந்த முகத்தையே பார்த்தாள். நடிப்பு இல்லை. ஒரு சந்தேகம் தட்டியது. சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"உங்களுக்குக் காது கேக்காதா?"

மாமியார் பட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சரிந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பத்து வருஷமா கொஞ்சங்கொஞ்சமா போச்சு. மூணு மாசமா சுத்தமா இல்லை. இனிமே மெஷின் வெச்சும் பிரயோஜனமில்லைன்னுட்டாரு டாக்டர். எதிர்ல நின்னா உதட்டைப் பார்த்துச் சமாளிச்சிடுவேன். வீடியோவில பேசறதால என் மகனுக்கே தெரியாது. ஆனா இவ சமையலறைக்குள்ளே போயிட்டா அவ்வளவுதான். வந்த புதுசுல உள்ளே இருந்து கலகலன்னு ஏதோ பேசுவா. லேசா சத்தம் வரும், ஒரு வார்த்தை புரியாது. சுவர் போயிட்டா அவ என்ன பேசறான்னு தெரியும். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசுவேன்."

டிசைனர் அவள் எதிரிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இதை அவகிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா!"

அப்போதுதான் கவனித்தாள். காய்கறிப் பையோடு மருமகள் ஹால் நடுவில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அவள் வந்தது மாமியாருக்குத் தெரியவில்லை. டிசைனரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"சொல்லிடாதேம்மா. அவ படிப்புக்கு ஏத்த வேலை வந்திருக்கு. அடுத்த மாசம் சேரணும். எனக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா, பகல் முழுக்க என்னைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போக மனசு வராம வீட்டோட உட்கார்ந்துடுவா. பொல்லாத மாமியார்னு நெனச்சாத்தானே விட்டாப் போதும்னு கிளம்பிப் போவா?"