கறுப்பில் மஞ்சள் எழுத்து

"நிகத்துக்குக் கண்ணு தெரியும் சார்" என்றான் பிரகாஷ்.

மேலாளர் ஆதிகேசவன் நிமிர்ந்தார். "இன்னாப்பா சொல்ற?"

திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த லாட்ஜில் பிரகாஷ் காசாளர். நிகத் அறை முன்பதிவைப் பார்ப்பவள். பள்ளிக்கூட நாளிலேயே பார்வையை இழந்தவள். தினமும் அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவாள். இயர்போனை மாட்டிக்கொண்டால் திரையில் இருப்பதை எல்லாம் கணினி அவளுக்கு வாசித்துச் சொல்லும். அதுவும் என்ன வேகத்தில்! நாம் கேட்டால், பெட்டி பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்போம்.

"ஒரு வாரமா கம்ப்யூட்டர் கடை தன்வீர்கிட்ட போன்ல பேசிகினு இருக்குது சார். திரையைப் படிக்கிற சாப்ட்வேர்ல எது நல்லதுன்னு விசாரணை. அதுல தப்பில்ல. ஆனா இன்னா கேக்குதுன்னு நெனைக்கிறீங்க? எழுத்து எவ்ளோ பெரிசாவும்? கறுப்புல மஞ்சளா காட்டுமா? மவுஸ் அம்பு தடியா தெரியுமா? கண்ணே தெரியாத பொண்ணுக்கு எழுத்து பூசணிக்கா சைசுல இருந்தா இன்னா, கடுகு சைசுல இருந்தா இன்னா?"

தர்க்கப்படி குறை சொல்ல முடியாத வாதம். தர்க்கத்தின் தொல்லையே அதுதான்.

ஆதிகேசவனின் முகம் இறுகியது. "ஏமாத்திகினு இருந்தா இன்னையோட நிறுத்திடுவேன். கூப்புடு."

கூப்பிடப் போன பிரகாஷ், தன் பங்குக்கு ஒரு சோதனையும் ஏற்பாடு செய்தான். காலித் தண்ணீர் கேன் ஒன்றைச் சத்தமில்லாமல் மேலாளர் அறை வாசலில் வைத்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

நிகத் வந்தாள். குச்சி கேனில் தட்டியது. சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"பாத்தீங்களா சார், எப்படி ஒதுங்கிச்சுன்னு!"

"பாத்தேன், பாத்தேன்" என்றார் ஆதிகேசவன்.

"குச்சி எதுக்குண்ணா வெச்சிகினு இருக்கேன், மாடு மேய்க்கவா?" என்றாள் நிகத்.

ஆதிகேசவன் மேசையைத் தட்டினார். "எழுத்தைப் பெரிசாக்குற சாப்ட்வேர் கேட்டியாமே?"

"ஆங், கேட்டேன் சார்."

"உனக்கா?"

"இல்ல சார். எனக்கு இப்ப படிச்சுக் காட்டுற என்விடிஏ சாப்ட்வேரே போதும். இலவசம், கை பழகிடுச்சு. ஜாஸ்னு இன்னொண்ணும் ஓட்டிப் பாத்தேன், நல்லாதான் இருக்குது. ஆனா ரெண்டும் என்ன மாதிரி சுத்தமா தெரியாதவங்களுக்குதான் சரிப்படும். பாதி பார்வை இருக்குறவங்களுக்குப் பெரிசாக்கிக் காட்டணும், கூடவே படிச்சும் சொல்லணும். அதான் விசாரிச்சேன்."

"யாருக்கு?"

நிகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாய தொறக்குதா பாருங்க சார்!" என்றான் பிரகாஷ்.

"யாருக்குன்னு சொல்லு. இல்லன்னா நாளையிலேர்ந்து வராதே. ஆடிக் கிருத்திகைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

நிகத் குச்சியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "எத்தனை எடத்துல ஏறி எறங்கி இந்த வேலைக்கு வந்தேன்னு உங்களுக்கே தெரியும் சார். இத வுட்டா எனக்கு வேற போக்கில்ல. ஆனா அவங்களே மறைச்சிகினு இருக்குறத நான் எப்படிச் சொல்றது?"

"கதை வுடாதே. உன் கம்ப்யூட்டர்ல இன்னா இருக்குதுன்னு நானே பாக்கறேன், வா!"

எழுந்தவர் வேகமாக வாசலுக்கு நடந்தார். பட்டப்பகல். தலைக்கு மேல் குழல்விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. கேனில் கால் இடித்து, கதவைப் பிடித்து, பிடி நழுவித் தரையில் உட்கார்ந்தார். கேன் தடதடவென்று உருண்டு வரவேற்பறை வரைக்கும் போனது.

பிரகாஷ் திகைத்தான். "சார்... இப்பதானே பாத்தேன்னு சொன்னீங்க?"

"நடக்குற வழியில கேன வெச்சா யாரா இருந்தாலும்தான் வுழுவாங்க!" நிகத்தின் குரல் உயர்ந்தது. "சும்மா நிக்காம போய் ஐஸ் வாங்கினு வாண்ணா!"

கேனை வைத்தவனுக்கே உரிய சுறுசுறுப்போடு பிரகாஷ் ஓடினான்.

நிகத் குச்சியால் துழாவி, அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "அடி பலமா சார்?"

அவர் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிக்கொண்டார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கொஞ்ச நாளா எழுத்தப் பெரிசாக்க உங்க மவுஸ் சக்கரம் உருண்டுகினே இருக்குது சார். நாற்காலி திரைகிட்ட நகந்துகினே போவுது. யார் வந்தாலும் பில்ல நீட்டி, 'கண்ணாடிய வீட்ல வெச்சிட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லு'ன்றீங்க. ஸ்கூல்ல நான் டீச்சர்கிட்ட சொன்ன பொய்யும் அதேதான்."

ஆதிகேசவன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சக்கரைம்மா. மருந்து போட்டுகினுதான் இருக்கேன். இருக்குற பார்வை போவாம பாத்துக்கலாம்னு டாக்டர் சொல்றார்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதலாளிக்குத் தெரிஞ்சா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

நிகத் சிரித்தாள்.

"என்னை வேலைக்குச் சேக்கும்போது, கண்ணு தெரியாதவங்களாலயும் இத முழுசா செய்ய முடியும்னு அவர்கிட்ட அவ்ளோ நேரம் மல்லுக்கு நின்னீங்களே சார், அதெல்லாம் பொய்யா?"