மணி அடிக்கிற வீடு

"பையன் தங்கம்தான், ஓய். நான் இல்லேன்னு சொன்னேனா? ஆனா பொண்ணைக் குடுக்க முடியாது!"

சொல்லிவிட்டு தேசிகன் பனை விசிறியை வேகமாக வீசிக்கொண்டார். எதிரே அற்புதசாமி உட்கார்ந்திருந்தார். திருச்சியில் ஒரே கல்லூரியில் தேசிகன் தத்துவம் நடத்தினார், அற்புதசாமி சரித்திரம் நடத்தினார். நெடுநாள் சிநேகிதம். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாலக்கரையில் பஸ் பிடித்து அற்புதசாமி ஸ்ரீரங்கம் வந்திருந்தார், பையன் வீட்டாருக்காகத் தூது.

பையன் அவருடைய பழைய மாணவன். தேசிகனின் மகள் அரவிந்தவல்லியை விரும்பினான். அவளும் விரும்பினாள். அடுத்த மாதம் அவன் வேலைப் பயிற்சிக்காக ஜெர்மனி போகிறான். பதில் கேட்க அவனைப் பெற்றவர்கள் அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. அரவிந்தவல்லி காலையிலிருந்து அறைக் கதவைத் திறக்கவில்லை.

"சார், போன மாசம் சர்வ சமயக் கூட்டத்துல பேசினது யாரு? நீங்கதானே?"

அது 1966. பிற மதத்தாரோடு பேசிப் பழகுங்கள் என்று ரோமாபுரியில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் சங்கம் சொல்லியிருந்த புதிது. கல்லூரியிலும் ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் அதிகமாகக் கைதட்டல் வாங்கியவர் தேசிகன்தான்.

"நான்தான் பேசினேன். கடவுள் யாருக்கும் பட்டா போட்டுக் குடுத்த நிலம் இல்லேன்னேன். வாபஸ் வாங்கலையே!"

"ரோம்லேருந்து வந்த சாமியார் மேடையிலேயே உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. மறுநாள் அவரை இங்கே கூப்பிட்டு இலை போட்டீங்க. தெருவே வேடிக்கை பார்த்துச்சு."

"புளியோதரையை மூணு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பாவம்" என்றாள் தேசிகனின் மனைவி வேதவதி, காப்பியை நீட்டியபடி. அந்த வீட்டில் அற்புதசாமிக்கென்று தனி டம்ளர் கிடையாது. அதற்காக வேதவதியின் நாத்தனார் ஒரு வருஷம் பேசாமல் இருந்ததுண்டு.

"அப்புறம் என்ன சார் தயக்கம்?"

"சாமியார் சாப்பிட்டார், விமானம் ஏறினார். இவா அப்படியா? காலத்துக்கும் சம்பந்தின்னு வந்து நிப்பா. அவாத்துல பூஜைன்னா மணி அடிப்பா. எங்காத்துப் பூஜையில மணிச் சத்தமே கூடாது. தெரியுமோ உமக்கு?"

"மணி அடிச்சா சாமிக்குக் காது வலிக்குமா சார்?"

"கிண்டல் பண்ணாதேயும். நாங்க நாலு தரம் விழுந்து சேவிக்கறவா. அவா ஒரே தரம் விழுவா, எழுந்து போயிண்டே இருப்பா."

"ஒரு தடவையாவது விழறாங்களே! என் மகன் பிலோமின்ராஜ் முழங்காலே போட மாட்டேங்கிறான். பேண்ட் மடிப்பு கலைஞ்சிடுமாம்."

வேதவதி சிரித்துவிட்டாள். தேசிகன் அவளை முறைத்தார்.

"அதெல்லாம் போகட்டும், ஓய். தாயார் விஷயத்துக்கு வாரும். எங்களுக்குத் தாயார்னா பெருமாளுக்குச் சமம். அவளே மோட்சம் குடுப்பா. அவா என்ன சொல்றா? தாயார் வெறுமனே சிபாரிசு பண்றவளாம்! நமக்காக எடுத்துச் சொல்லுவாளாம், அதோட அவ வேலை முடிஞ்சுதாம்!"

"இந்தக் காலத்துல சிபாரிசுக்கு ஒருத்தர் இருக்கிறதே பெரிசு சார். என் மருமகனுக்குப் பொன்மலையில வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு நினைக்கிறீங்க?"

"நான் வைகுண்டத்தைப் பத்திப் பேசறேன், நீர் ரயில்வே வொர்க்‌ஷாப்பைப் பத்திப் பேசறீர்!"

"ரெண்டு குடும்பமும் கும்பிடறது ஒரே கடவுளைத்தானே சார்? மேடையில நீங்க சொன்னதுதானே?"

"மேடையில சொல்லலாம். கல்யாணப் பந்தல்ல சொல்ல முடியுமா? பிரார்த்தனையை யார் ஆரம்பிக்கறது, எந்த ஸ்லோகத்துல ஆரம்பிக்கறதுன்னு அங்கேயே கைகலப்பு வரும். என் தோப்பனார் காலத்துலயே வந்திருக்கு. ஒருத்தருக்குப் பல்லு போச்சு."

"உள்ளே ஒருத்தி பச்சைத் தண்ணி குடிக்காம கெடக்கா" என்றாள் வேதவதி. "உங்க தத்துவத்தை அந்தக் கதவுகிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

தேசிகன் விசிறியைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார்.

அற்புதசாமி காப்பியை முடித்து டம்ளரை வைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மனசுலேருந்து சொல்லுங்க சார். இதே பையன் என் மகனா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

தேசிகன் நேர்மையான மனிதர். விரல் விட்டு எண்ணியபடியே சொன்னார்.

"உம்ம பிலோமின்ராஜா? ரெண்டு நாள் குதிச்சிருப்பேன். மூணாம் நாள் ஒத்துண்டிருப்பேன். ஊர்ல நாலு பேர் திட்டினாலும் நாலு பேர் முற்போக்குன்னு மாலை போடுவா, ரோம் சாமியார் தந்தி அடிப்பார். ஆனா வடகலை ஆத்துப் பொண்ணை எதிராத்துத் தென்கலை ஐயங்கார் பிள்ளைக்கு எப்படி ஓய் குடுக்கறது?"