நடுவில் இருந்த பட்டன்

"ஒரு பட்டனை இடம் மாத்துறதுக்கு ஊரையே கூட்டுவீங்களாம்மா?"

மேலாளர் போட்ட சத்தத்தில் கண்ணாடி அறைக்கு வெளியே நான்கு தலைகள் திரும்பின. எதிரே நின்ற புரோகிராமர் அசரவில்லை.

"கூட்டுவேன் சார். 'ஆபத்து' பட்டன் நடுவுலதான் இருக்கணும்."

பெண்களின் பாதுகாப்புக்கான ஆப் அது. திரையின் அடியில் ஐந்து பட்டன்கள் வரிசையாக நிற்கும் டேப் பார். நடுவில் சிவப்பாக 'ஆபத்து'. அழுத்திய நொடியே உதவி மையத்துக்குத் தகவல் போகும். அந்த இடத்தில் இனி 'சலுகைகள்' உட்கார வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஐந்துக்கு மேல் பாரில் இடமில்லை. 'ஆபத்து', கடைசியில் இருக்கும் 'மேலும்' என்ற பட்டனுக்குள் போக வேண்டியதுதான்.

போன வாரம் இவளேதான் முணுமுணுத்துக்கொண்டே அப்படி மாற்றி எழுதி, டெஸ்ட் வெர்ஷனை டீமில் எல்லார் போனிலும் ஏற்றினாள். இன்று மாலை ஐந்து மணிக்கு வெளியீடு. மணி நாலரை. இந்த நேரம் பார்த்துக் காலை வாருகிறாள்!

"ரெண்டு தட்டு கூடத் தட்டணும், அவ்ளோதானே? குடியா முழுகிடும்?"

"'மேலும்'ஐத் திறக்கணும், பட்டியலைத் தள்ளணும், அதுல தேடணும். கை நடுங்கினா பதினோரு செகண்ட் ஆகுது சார்."

"ஓஹோ, கையை நடுங்க வெச்சு நடிச்சே பாத்துட்டீங்களாக்கும்!"

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வலது மணிக்கட்டில் பெரிய கட்டு. படியில் விழுந்துவிட்டதாகக் காலையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். கைக்குத்தான் கட்டு, வாய்க்கு இல்லை என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது அவரல்லவா?

"சார், வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, இதை நான் வெளியிட மாட்டேன்."

"உங்களுக்கெல்லாம் அந்த பட்டன் விளையாட்டா போச்சு!" மேசையில் ஓங்கி அடித்தார். "டெஸ்ட் வெர்ஷன்ல அழுத்தினா உதவி மையத்துக்குப் போகாது, என் போன்தான் அலறும்னு எல்லாருக்கும் தெரியும். நேத்து ஞாயித்துக்கிழமை, மத்தியானம் அசந்து தூங்குறேன், அலறுது! பேரு கூட வரல, வெறும் சத்தம். நம்ம டீம்ல எவளோ பொழுது போகாம அழுத்தியிருக்கா. அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்தேன். அவ யாருன்னு மட்டும் தெரியட்டும், இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுறேன்!"

அவள் கட்டுப் போட்ட கையை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"கிழிச்சிடுங்க சார், அது நான்தான்" என்றாள். "என் புருஷன் கதவை உடைச்சுக்கிட்டு இருந்தான். போன்ல இருக்கிறது டெஸ்ட் வெர்ஷன்ங்கிறது அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வரல. பதினோரு செகண்ட் தேடி அழுத்திட்டு, யாராவது வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க திரும்பிப் படுத்துட்டீங்க."