சத்தமில்லாத மோட்டார்

மட்டாஞ்சேரிக் கடைவாசலில், நீல டிரம்மின் தண்ணீருக்குள் படகில் மாட்டும் பேட்டரி மோட்டார் சுழல்கிறது. செண்பகவல்லி குனிந்து காது கொடுக்கிறாள். தண்ணீரில் உடையும் வெயில் அவள் கன்னத்தில் ஆடுகிறது. புருஷனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வள்ளத்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போன கொழுந்தன் இசக்கிதுரை, அதே எஞ்சினை உறுமவிட்டு, துடுப்புப் போடும் இவளைத் தினமும் முந்திப்போய், கரிமீன் கிடைக்கும் இடத்தில் வலை விரிக்கிறான். “பெட்ரோல் எஞ்சின்னா வேகம் கூடும் மோளே,” என்கிறார் கடைக்கார நாசர். “வேண்டாம் இக்கா. விடியுமுன்னே அவன் வீட்டை ஒட்டித்தான் போகணும். சத்தம் கேட்டா எழும்பிப் பின்னாலேயே வந்துருவான்.” நாசர் சிரிக்கிறார். “பின்னே, அவன் எப்போ அறியும்?” அவள் ஈரக்கையை முந்தானையில் நிதானமாகத் துடைக்கிறாள். “வெறும் வலையை இழுக்கும்போது.”