மண்டபத்தில் தங்க அனுமதி இல்லை

"தங்க விடக் கூடாதுங்கம்மா. மண்டபத்துச் சட்டம்."

காவலாளி வேலுசாமி கேற்றைத் திறக்கவே இல்லை. கம்பிக்கு வெளியே கனகேஸ்வரி இரண்டு பைகளோடு நின்றாள்.

யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடி, கிளிநொச்சியில் மரத்தடியில் கிடந்து, வவுனியாவில் இராணுவம் தரும் பயணப் பாசுக்காக மூன்று கிழமை காய்ந்து, அன்று விடியத்தான் அவளும் கணவரும் கொழும்புக்கு வந்திருந்தார்கள். பொலிஸ் பதிவு இல்லையென்று வெள்ளவத்தையில் நான்கு லொட்ஜுகள் கைவிரித்துவிட்டன.

மண்டபத்தில் கேட்டுப் பார்ப்போம் என்றது அவள்தான். வெள்ளவத்தைத் தமிழருக்குக் கலியாணம், அரங்கேற்றம், அந்தியேட்டிக் கிரியை எல்லாம் ஐம்பது வருசமாக அங்கேதானே. வரமாட்டேன் என்று நின்ற கணவர் நாகேந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தவர் தலையைக் குனிந்தபடி தெருவோரமாய் நின்றார்.

"இஞ்சாருங்கோ, நீங்களும் ஒருகாலம் இந்தக் கமிற்றியில இருந்தனீங்கள்தானே. சொல்லுங்கோவன்" என்று காதோடு சொன்னாள்.

"பேசாமல் வாரும், போவம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலுசாமியிடம் திரும்பினாள்.

"நீரும் தமிழன்தானே? நெஞ்சில ஈரமில்லையே?"

"தமிழன்தாங்கம்மா. மண்டபத்தத் தெறந்தா என் வேலை போயிரும்."

"உந்தச் சட்டத்தை எழுதினவன் ஒருநாளைக்கு எங்களைப் போலத் தெருவில நிக்கவேணும்."

வேலுசாமி தெருவோரம் நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தான்.

"மண்டபத்துல முடியாது. பின்னால என் ரூம் இருக்கு, அதுல இருந்துக்கங்க. நான் வெளிய படுத்துக்குவேன். காலையில பொலிசுல என் சொந்தக்காரங்கன்னு பதிஞ்சிக்கலாம்."

ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் இரண்டு சாரம். வேலுசாமி தேத்தண்ணி வாங்கக் கடைக்குப் போனான்.

"வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன். நல்ல மனுசன்" என்றாள் கனகேஸ்வரி.

நாகேந்திரம் கட்டிலில் உட்காரவில்லை.

"அவனுக்கு என்னை அடையாளம் தெரியேல்லை. என்ர பேரை மட்டும் சொல்லிப்போடாதையும்."

"ஏன்?"

"எண்பத்திமூண்டுக் கலவரத்தில இவன்ர வீட்டையும் எரிச்சுப்போட்டாங்கள். பெண்சாதி பிள்ளையளோட இந்த மண்டபத்திலதான் அகதியா இருந்தவன். எங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள் கப்பலேறி ஊருக்குப் போட்டினம். இவையள், மலைநாட்டு ஆக்கள், போக இடமில்லாமல் கிடந்தவை. ஆவணியில கலியாணங்களுக்கு மண்டபம் குடுத்திருந்தது. ஊத்தையாக்குகினம் எண்டு கமிற்றியில ஒரே கதை."

"அதுக்கு?"

"வெளியில விட்டம். பிறகும் ஒருத்தரும் வந்து தங்கப்படாதெண்டு சட்டமும் போட்டம். எழுதிக் கையெழுத்து வைச்சது நான்தான்."

கனகேஸ்வரி ஒற்றைக் கட்டிலைப் பார்த்தாள்.

"இப்ப அந்தப் பெண்சாதி பிள்ளையள் எங்கை?"

"தெரியாது. நான் கேக்கேல்லை."

வேலுசாமி இரண்டு கிளாசோடு உள்ளே வந்தான். ஒன்றை அவளிடம் கொடுத்தான். மற்றதை நாகேந்திரத்திடம் நீட்டினான்.

"ஒங்களுக்குச் சீனி போடலாமுங்களா, செக்ரட்டரி ஐயா?"